உங்கள் தம்பி எடுத்த ஒற்றைப் பாடம்

மதிப்பும் பாசமும் நிறைந்த அண்ணி அவர்களுக்கு,

உங்கள் தம்பியின் மனைவி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். ஆனால் தெரிந்தே ஒரு பொய்யைச் சொல்வது சரியா தவறா என்பதை உங்கள் தம்பி பன்னிரண்டு வாரம் பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து படித்துவிட்டு வந்திருக்கிறார். அவர் பக்கத்து அறையில் இருக்கும்போது அந்த வரியை எழுதக் கை வரவில்லை. ஆகவே, உடம்பளவில் நலம் என்று திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பேத்திக்கு முதல் பல் விழுந்ததாகக் கேள்விப்பட்டேன், சந்தோஷம்.

முப்பத்தோரு வருஷத்தில் அவரைக் குறை சொல்லி நான் உங்களுக்கு எழுதியது இரண்டே முறை. ஒன்று, கல்யாணமான புதிதில் சமையலறைக் குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒன்பது நாள் மாட்டாமல் இருந்தபோது. இன்னொன்று, மகளை அழைத்துவரப் பள்ளிக்கூடத்துக்குப் போய், அவள் எந்த வகுப்பில் படிக்கிறாள் என்று வாசற்காவலரிடமே விசாரித்தபோது. இது மூன்றாவது. படிக்க வசதியாக ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தில் 'இவர்' என்று எழுதியிருந்தால் அது என் கணவர். 'உங்கள் தம்பி' என்று எழுதியிருந்தால், அந்தச் செயலுக்கு நான் பொறுப்பல்ல என்று பொருள்.

சென்ற வருஷம் இவர் லிஃப்ட் கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்றது உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு ஒருநாள் கையில் ஒரு சின்னப் புத்தகத்தோடு வந்தார். பல்கலைக்கழகத்தின் கலைப்பிரிவில் டிகிரிக்குச் சேராமலே ஏதாவது ஒரு பாடத்தை மட்டும் எடுத்துப் படிக்கலாமாம். அந்தப் பட்டியல்தான் புத்தகம். வரலாறு, தத்துவம், ஓவியம், மொழி, நாடகம் என்று எல்லாம் தனித்தனியாக, உதிரியாக. சட்டை வேண்டாம், ஒரு பொத்தான் போதும் என்று என் தையல் கடையில் வந்து நிற்கிறவர்கள் உண்டு. பல்கலைக்கழகத்திலும் அப்படிக் கொடுப்பார்கள் என்று நான் நினைத்ததில்லை. எதற்காக இது என்று கேட்டேன். அப்போதுதான் முப்பத்தோரு வருஷமாகச் சொல்லாத ஒரு விஷயத்தைச் சொன்னார். கலைப்பிரிவுக் கட்டடத்து லிஃப்ட் பழசு. மாதத்துக்கு இரண்டு தடவை நிற்கும். ஒவ்வொரு தடவையும் இவர்தான் போவார். மூன்றாவது மாடியில் லிஃப்டுக் கூண்டின்மேல் உட்கார்ந்து வேலை பார்க்கும்போது, சுவருக்கு அந்தப் பக்கம் வகுப்பு நடப்பது காதில் விழுமாம். அரை மணியில் கோளாறு சரியாகிவிடும், இறங்கி வந்துவிட வேண்டும். எந்தப் பாடத்தையும் முடிவுவரை கேட்டது கிடையாதாம். மனிதர்கள் ஏன் வாக்குறுதி கொடுக்கிறார்கள் என்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு என்று ஒரு ஆசிரியர் ஆரம்பித்து, இரண்டாவதை முடித்த நேரத்தில் லிஃப்ட் ஓட ஆரம்பித்துவிட்டதாம். "பதினேழு வருஷமாச்சு, மூணாவது காரணம் என்னன்னு தெரியல. உனக்குத் தெரியுமா?" என்று என்னைக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும் அண்ணி? நான் அந்தப் பதினேழு வருஷமும் பொத்தான்களுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன்.

சேர்வதற்கு நானும் கூடப் போனேன். அலுவலகத்தில் இருந்த எழுத்தர் எந்த டிகிரி என்று கேட்டார். டிகிரி வேண்டாம், பாடம் போதும் என்றார் இவர். டிகிரி எண்ணைப் போடாவிட்டால் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகாது என்றார் எழுத்தர். பல்கலைக்கழகமே அச்சடித்த புத்தகத்தை இவர் எடுத்துக் காட்ட, அப்படி ஒரு திட்டம் தங்களிடம் இருப்பதை எழுத்தர் முதல்முறையாகப் படித்துப் பார்த்து மகிழ்ந்தார். முக்கால் மணி நேரம் தேடிக் கடைசியில், 'பட்டம் சாராத தனிப்பாட மாணவர்' என்று ஒரு பிரிவு கம்ப்யூட்டருக்குள் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். தேர்வு எழுதுவது, தேர்வில்லாமல் சும்மா உட்கார்ந்து கேட்பது என்று அதிலும் இரண்டு வழி. சும்மா உட்கார்ந்து கேட்பதை எடுங்கள், வீட்டுக்கும் அந்தப் பழக்கம் உதவும் என்றேன். உங்கள் தம்பி தேர்வோடு எடுத்தார்.

என் பிழைப்பு உங்களுக்குத் தெரியும். வருஷத்தில் எட்டு மாதம் நர்சுகளுக்குச் சீருடை, நான்கு மாதம் பட்டமளிப்பு விழாவுக்கு அங்கி. ஊரார் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேருக்கு நான் கறுப்பு அங்கி தைத்துக் கொடுத்திருக்கிறேன் என்று கணக்கே கிடையாது. என் வீட்டிலும் ஒரு மாணவர் உருவானார், இந்த ஊரிலேயே அங்கி தேவைப்படாத ஒரே மாணவர். எல்லாம் முடிந்ததும் என்ன கிடைக்கும் என்று எழுத்தரிடம் கேட்டேன். படித்த பாடத்தின் பெயரும் மதிப்பெண்ணும் போட்ட ஒரு தாள் கிடைக்கும் என்றார். மேடை? இல்லை. தொப்பி? இல்லை. பெயருக்குப் பின்னால் இரண்டெழுத்து? அதுவும் இல்லை. கீழ்வீட்டுக்காரம்மா இன்றுவரை "உங்க வீட்டுக்காரர் எந்த வருஷம் படிக்கிறார்?" என்று கேட்கிறார். எந்த வருஷமும் இல்லை, வியாழக்கிழமை மட்டும் படிக்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

முதல் பாடம் தர்க்கவியல். அண்ணி, குடும்பம் நடத்துகிறவர்கள் படிக்கக் கூடாத பாடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். ஒருநாள் மத்தியானம் கடையிலிருந்து போன் பண்ணி, மழை வருகிற மாதிரி இருக்கிறது, மாடியில் காயும் துணியை எடுங்கள் என்றேன். சாயங்காலம் வந்து பார்த்தால் ஆஸ்பத்திரிச் சீருடை பதினொன்றும் கொடியில் சொட்டிக்கொண்டிருக்கின்றன. ஏன் எடுக்கவில்லை என்று கேட்டதற்கு, 'வருகிற மாதிரி இருக்கிறது' என்பது வரும் என்பதற்கு ஆதாரம் ஆகாது என்றார் உங்கள் தம்பி. வந்ததா இல்லையா என்று கேட்டேன். துணி நனைந்திருப்பதை வைத்து மழை பெய்ததாக முடிவு கட்ட முடியாது, யாராவது தண்ணீர் ஊற்றியும் இருக்கலாம் என்றார். ஊற்றியிருந்தால் அது உங்கள் தலையில்தான் இருந்திருக்கும் என்றேன். அதைத் தன் நோட்டில், செல்லுபடியாகாத வாதம் என்ற தலைப்புக்குக் கீழே குறித்துக்கொண்டார். அந்தப் பாடத்தில் எண்பத்தொரு மதிப்பெண். மதிப்பெண் தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டலாமா என்று கேட்டார். மாட்டலாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதிலிருந்து அவரால் எதையும் முடிவு கட்ட முடியவில்லை.

இரண்டாவது பாடம் அறவியல். எது நல்லது, எது கெட்டது, பொய் சொல்லலாமா, கொடுத்த வாக்கை மீறலாமா என்பதெல்லாம். வாக்குறுதியின் மூன்றாவது காரணத்தை முதல் வாரமே கேட்டுவிட்டார். வகுப்பெடுக்கிற விரிவுரையாளர் நம் மகளைவிட இரண்டு வயது இளையவள். இப்போது பதினொரு காரணங்கள் இருப்பதாகவும், அவற்றில் எது அந்தப் பழைய ஆசிரியருடைய மூன்றாவது என்று தன்னால் சொல்ல முடியாதென்றும் அவள் சொன்னாளாம். இவர் அந்தப் பதினொன்றையும் நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு, இரண்டு நாள் ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தார்.

இந்த இடத்தில் என் கதை ஒன்றை நான் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். போன பட்டமளிப்பு சமயத்தில் ஒரு பெண் தன் அப்பாவோடு அங்கிக்கு அளவு கொடுக்க வந்தாள். நான் அளவெடுக்க எடுக்க, அவர் தன் சொந்த அங்கிபோலத் தோளைத் தட்டித் தட்டிப் பார்த்தார். மறுநாள் அந்தப் பெண் தனியாக வந்தாள். ஒரு பாடத்தில் தேறவில்லையாம், மேடை ஏற முடியாதாம். அப்பாவுக்கு இன்னும் தெரியாது, எப்படிச் சொல்வதென்றும் தெரியவில்லை, அதுவரை அங்கியைத் தைத்து வையுங்கள், தயவுசெய்து அவரிடம் சொல்லிவிடாதீர்கள் என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது புத்தி சொல்லியிருப்பேன். சரி என்று தலையாட்டிவிட்டேன். ஒரு வாரம் கழித்து அப்பா மட்டும் அங்கி வாங்க வந்தார். "பொண்ணு வந்து ஏதாவது சொன்னாளா?" என்று கேட்டார். "ஆமா, ஒரு அங்குலம் நீளம் கூட வைக்கச் சொன்னா," என்றேன். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நன்றி சொல்லிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போனார். அன்றைக்கு முழுவதும் எனக்கு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் இவரிடம் சொல்லி மனதை ஆற்றிக்கொண்டேன். கட்டின புருஷனிடம் சொல்வது சுவரிடம் சொல்வதுபோல என்று நம்பித்தான் சொன்னேன். சுவருக்குக் காது உண்டு என்பது பழமொழி. சுவர் கட்டுரை எழுதும் என்பது எனக்குத் தெரியாது.

அறவியலில் ஒரு கட்டுரை கேட்டார்களாம். சொந்த அனுபவத்தில் கண்ட ஒரு சிக்கலை எழுதி, உண்மைச் சம்பவம்தான் என்று கடைசியில் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் தம்பி என் கதையை எட்டுப் பக்கம் எழுதினார். தலைப்பு, 'தையற்காரி செய்தது சரியா?' விடை, சரியல்ல. எவ்வளவு கனிவோடு சொன்னாலும் பொய் பொய்தான், அந்த அப்பாவுக்கு உண்மையை அறியும் உரிமை இருந்தது, தையற்காரி அதைத் திருடிவிட்டாள் என்று என்னைத் திருடி வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார். விரிவுரையாளருக்கு அது மிகவும் பிடித்துப்போய், வகுப்பில் வாசிக்கச் சொல்லியிருக்கிறாள். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் முகமெல்லாம் பிரகாசமாக வந்து, "இன்னிக்கு ஒரு மணி நேரம் பூரா உன்னப் பத்திதான் பேசினோம்," என்றார். இருபத்திரண்டு பேரில் பதின்மூன்று பேர் நான் செய்தது தவறு என்றார்களாம், ஒன்பது பேர் சரி என்றார்களாம். நீங்கள் எந்தப் பக்கம் என்று கேட்டேன். பதின்மூன்று என்றார். அடுத்த வாரமும் விவாதம் தொடருமாம்.

அண்ணி, நான் நாலு பேருக்கு நடுவில் வாய் திறந்து பேசுகிறவள் இல்லை. ஆனால் முகம் தெரியாத பிள்ளைகள் வாரா வாரம் என்னைக் கத்தரித்துத் தைத்துக்கொண்டிருக்கும்போது கடையில் உட்கார்ந்திருக்க முடியுமா? அடுத்த வியாழக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு, கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் கிளம்பினேன். அந்த லிஃப்ட் அன்றும் ஓடவில்லை. மூன்று மாடி ஏறுவதற்குள், மாடிக்கு ஒன்றாக மூன்று வாதம் தயார் செய்துவிட்டேன். கதவைத் திறந்ததும் எல்லாரும் திரும்பினார்கள். யார் வேண்டும் என்று விரிவுரையாளர் கேட்டாள். "யாரும் வேணாம். தப்பு பண்ணின தையற்காரி நான்தான்," என்றேன். உங்கள் தம்பி மேசைக்கு அடியில் எதையோ தேட ஆரம்பித்தார்.

விரிவுரையாளருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாற்காலி போட்டு உட்கார வைத்து, கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியுமா என்று மரியாதையாகக் கேட்டாள். சொல்லலாம் என்று வாயைத் திறந்தபோதுதான் பார்த்தேன். எனக்கு முகம் மறந்துபோகும், தோள் மறக்காது. மூன்றாவது வரிசை, சன்னல் ஓரம், வலது தோளைவிட இடது தோள் அரை அங்குலம் இறங்கிய ஒரு பெண் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அந்த அரை அங்குலத்தை அங்கியில் மறைப்பதற்கு நான் இரண்டு தடவை பிரித்துத் தைத்திருக்கிறேன். அவள் தேறாத பாடம் எது என்று நான் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை. இதுதான் அது. அந்த ஒரு பாடத்தை மட்டும் மறுபடி எடுத்துப் படிக்க அவள் வந்திருக்கிறாள். போன வாரம் ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து, இருபத்தோரு பேர் தன்னைப் பற்றிப் பேசியதைக் கேட்டிருக்கிறாள். கையைத் தூக்கச் சொன்னபோது எந்தப் பக்கம் தூக்கினாளோ.

அதற்குள் முன்வரிசையில் ஒரு கண்ணாடிக்காரப் பையன், அந்த மாணவி இதே துறையாகத்தான் இருக்க வேண்டும், போன வருஷம் அங்கி வாங்கிவிட்டு மேடைக்கு வராதவர்கள் யார் யார் என்று பார்த்தால் தெரிந்துவிடும் என்றான். விடுகதையை அவிழ்த்துவிட்ட பெருமை அவன் முகத்தில். இரண்டு பேர் போனைக் கையில் எடுத்துவிட்டார்கள். அந்தப் பெண்ணின் காது மடல் சிவந்துபோனதை நான் பார்த்தேன். மாடிப்படியில் யோசித்து வைத்த மூன்று வாதமும் எங்கே போயின என்று தெரியவில்லை.

"தேட வேணாம்பா," என்றேன். "அப்படி யாரும் என் கடைக்கு வரல. இவர் கட்டிவிட்ட கதை. அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

பொய் சொல்லலாமா என்று பாடம் நடக்கிற அறையில், அதைச் சொல்லிக் கொடுக்கிறவள் முன்னால், சாட்சிக்கு இருபது பேரை வைத்துக்கொண்டு, கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொன்னேன் அண்ணி. விரிவுரையாளர் இவர் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷம் போய்விட்டது. உண்மைச் சம்பவம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே, இது உங்கள் அனுபவமா, கற்பனையா என்று கேட்டாள்.

இவர் எழுந்து நின்றார். என்னைப் பார்த்தார். நான் ஜாடை காட்ட முடியாது, இருபது ஜோடிக் கண் என்மேல் இருக்கிறது. எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறாரே, எப்பேர்ப்பட்ட கனிவான பொய்யும் பொய்தான் என்று, இப்போது நிமிர்ந்து நின்று உண்மையைச் சொல்லி என்னையும் அந்தப் பெண்ணையும் சேர்த்து முடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். கோளாறு எங்கே என்று தெரியாத லிஃப்டைப் பார்ப்பதுபோல அறையை ஒரு கோடியிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். மூன்றாவது வரிசையில், குனிந்த தலையில், கண் நின்றது. அங்கேயே நின்றது. அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான் கட்டிவிட்டதுதான் மேடம். என் சம்சாரம் அப்படியெல்லாம் பொய் சொல்லத் தெரிஞ்சவ இல்ல."

இருவரும் மாடிப்படி இறங்கி வந்தோம். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "இது ரெண்டாவது," என்றார். எது என்று கேட்டேன். அண்ணி, இதற்கு அப்புறம் வருவதை உங்களிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. தர்க்கவியலில் எண்பத்தொன்று வாங்கியவர் அதை யோசித்திருக்க வேண்டும். நீங்கள் ஆசிரியர் பயிற்சிக்குப் போன வருஷம், இரண்டு பேரையும் படிக்கவைக்க முடியாது, ஒருத்தர்தான் என்று மாமனார் சொன்னாராமே. எனக்குப் படிப்பில் விருப்பமில்லை, புத்தகத்தைப் பார்த்தாலே தூக்கம் வருகிறது என்று இவர் சொன்னாராம். "அப்ப சொன்னதுதான் மொதல் பொய். இன்னிக்கு ரெண்டாவது," என்றார். தம்பிக்குப் படிப்பு ஏறவில்லை என்று நீங்களும் எத்தனையோ தடவை சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறீர்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். நீங்கள் நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தீர்கள், நல்லது. இவர் அந்த நாற்பது வருஷமும் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அரைகுறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். குத்திக் காட்டுவதற்கு எழுதவில்லை. எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

முடிவு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கற்பனையை உண்மை என்று கையெழுத்துப் போட்டதற்காகக் கட்டுரைக்குச் சைபர். மொத்தம் நாற்பத்தேழு வந்தது. தேறுவதற்கு ஐம்பது வேண்டும். ஆக, அறவியலில் உங்கள் தம்பி தோற்றுவிட்டார், அதுவும் பொய் சொன்ன குற்றத்துக்காக. அவர் பொய் சொன்னது உண்மைதான், ஆனால் அவர்கள் நினைத்த பொய் அது அல்ல. இதை மேல்முறையீடு செய்யவும் முடியாது.

தேர்வு முடிவு வந்த வாரம் அந்தப் பெண் கடைக்கு வந்தாள். எழுபத்தொன்று வாங்கித் தேறிவிட்டாள். எங்கள் இருவரிடமும் என்ன சொல்வதென்று தெரியாமல், அங்கியில் ஒரு பொத்தான் தளர்ந்திருக்கிறது என்றாள். பொத்தான் நன்றாகத்தான் இருந்தது, நான் தைத்தது. எடுத்துவிட்டு மறுபடி தைத்தேன். எங்களைப் பார்த்த அன்றே வீட்டுக்குப் போய் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். அவருக்கு ஏற்கெனவே தெரியுமாம் அண்ணி. பல்கலைக்கழகத்திலிருந்து வீட்டுக்கு வந்த தபாலை அவர்தான் பிரித்துப் படித்து, திரும்ப ஒட்டி வைத்திருக்கிறார். மகளாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தாராம். பட்டமளிப்பு நாளன்று வேலையில் விடுப்புக் கிடைக்கவில்லை, வர முடியாது என்று அவளிடம் சொல்லிவிட்டு, பகல் முழுவதும் பூங்காவில் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போனாராம். அவளும் அங்கியைப் போட்டுக்கொண்டு வெளியே போய், வேறொரு பூங்காவில் உட்கார்ந்துவிட்டு வந்தாளாம். "நான் உங்ககிட்ட சொல்லிட்டேன்னு, நீங்க பதில் சொன்ன வேகத்துலயே அப்பாவுக்குத் தெரிஞ்சிருச்சாம் ஆன்ட்டி. சொல்றதுக்கு எனக்கு ஒரு ஆள் இருக்குன்னு நிம்மதியா வந்தாராம்," என்றாள். ஆக, ஒரு மனிதரிடமிருந்து நான் உண்மையைத் திருடிவிட்டேன் என்று பதின்மூன்று பேர் கை தூக்கினார்களே, அந்த உண்மை முதலிலிருந்தே அவர் சட்டைப்பையில்தான் இருந்திருக்கிறது. தெரியாமல் நூல் கோக்க முடியாமல் தவித்தவள் நான் ஒருத்திதான்.

இத்தோடு தெளிந்துவிடுவார் என்று பார்த்தால், உங்கள் தம்பி அதே அறவியலை மறுபடி எடுக்கப் போகிறாராம். போன தடவை தான் எழுதிய விடை தவறோ என்று சந்தேகம் வந்துவிட்டதாம். டிகிரிக்குச் சேர்ந்திருந்தாலாவது மூன்று வருஷத்தில் துரத்திவிடுவார்கள். உதிரியாக எடுக்கிறவரை யார் துரத்துவது? அந்தப் புத்தகத்தில் இன்னும் அறுபத்துநான்கு பாடங்கள் இருக்கின்றன. வருஷத்துக்கு இரண்டு என்றால், முடிக்கும்போது அவருக்குத் தொண்ணூற்று மூன்று வயது. அதற்குள் பொய், நன்மை, அழகு, காலம், கடவுள் என்று ஒவ்வொன்றாக வீட்டுக்குக் கொண்டுவந்து என் தலையில் சோதித்துப் பார்ப்பார். அவர் உங்கள் பேச்சை மட்டும்தான் தட்டமாட்டார். ஆகவே அண்ணி, போதும் படித்தது, வீட்டில் இரு என்று கண்டிப்பாக நாலு வரி எழுதிப் போடுங்கள். நான் எழுதச் சொன்னதாகத் தெரிய வேண்டாம்.

உங்கள் வீட்டில் பெரியவர்கள் எல்லாருக்கும் எங்கள் வணக்கம், சின்னவர்களுக்கு எங்கள் ஆசி, பேத்தியின் புதுப் பல்லுக்குத் தனியாக ஒரு முத்தம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் நூறு வயது இருந்து எங்களைக் கண்டித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று விரும்பும்,

உங்கள் தம்பி மனைவி

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை எழுதி முடித்து, நல்ல உறை கிடைக்காமல் ஐந்து நாள் மேசையில் இருந்துவிட்டது. அதற்குள், உனக்குப் பிடிக்காவிட்டால் படிக்கப் போகவில்லை என்று இவராகவே சொல்லிவிட்டார். அந்த ஐந்து நாளும் என்னோடு கடையில்தான் இருக்கிறார். தையல் இயந்திரம் மூன்றையும் பிரித்து எண்ணெய் போட்டு மாட்டினார், இப்போது இரண்டு ஓடுகின்றன. அந்த இரண்டிலும், லிஃப்டில் இருப்பதுபோல, அவசரத்துக்கு நிறுத்த ஒரு சிவப்புப் பொத்தான் வைத்திருக்கிறார். என் முழங்கை பட்டால் நின்றுவிடுகிறது. நேற்று ஒரு நர்சம்மாவிடம், இடுப்பு அளவு போன வருஷத்தைவிடக் கூடியிருப்பதை நோட்டைப் பார்த்துச் சொன்னார். ஆகவே, மேலே கேட்டபடி எதுவும் எழுதிவிடாதீர்கள். இன்று காலை நானே போய், அந்த எழுத்தரைப் பிடித்து, அறவியலையும் அதோடு ஓவிய வரலாற்றையும் அவர் பெயரில் பதிந்துவிட்டு வந்துவிட்டேன். செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் வகுப்பு, சனிக்கிழமை நூலகம். படிப்பை விடக் கூடாது என்று நீங்கள் நேற்றே போனில் கண்டிப்பாகச் சொன்னதாக அவரிடம் சொல்லியிருக்கிறேன். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுங்கள்.